மக்கண்டு குலத்தார்

நான் ஸ்கொட்லாந்துக்காரியாக இருந்தது மொத்தம் பத்தொன்பது நாட்கள். அப்போது எனக்குப் பத்து வயது. மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில், கீழே சலவைக்கடை இருந்த ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி, அம்மாவின் கடைசிச் சகோதரனான மாமா என்று ஐந்து பேர். கீழ்வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டுத் தாளில் ‘மக்கண்டு’ என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கும். கனடாவில் அதுதான் எங்கள் குடும்பப் பெயர்.

அந்தப் பெயர் வந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் அப்பா, அதாவது என் அப்பப்பாவின் பெயர் மார்க்கண்டு. யாழ்ப்பாணத்தில் தெருவுக்கு ஒரு மார்க்கண்டு இருப்பார். அப்பா அகதியாக வந்து இறங்கியபோது, தன் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதிய ‘ஆர்’ என்ற எழுத்து கொஞ்சம் வளைந்துவிட்டதோ, தட்டச்சுச் செய்தவருக்கு அன்று தூக்கக் கலக்கமோ தெரியாது, ‘ஆர்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சி’ வந்து உட்கார்ந்துகொண்டது. மார்க்கண்டு மக்கண்டு ஆனார்.

ஊரில் அப்பா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். மழையில் நனைந்த முகவரியையும் கோழி கிளறியது போன்ற கையெழுத்தையும் வாசித்து, கடிதத்தை உரிய வீட்டுக்கு அனுப்பியவர். அப்படிப்பட்டவரின் பெயரையே ஒருவர் பிழையாக வாசித்துவிட்டார். அகதி வழக்கை நடத்திய சட்டத்தரணி, இப்போது ஓர் எழுத்தைத் திருத்தப் போனால் நூறு கேள்வி வரும், பேசாமல் இருங்கள் என்று சொன்னாராம். அப்பா பேசாமல் இருந்தார். பிறகு வதிவிட அட்டை, மருத்துவ அட்டை, வாடகை ஒப்பந்தம், என் பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றிலும் அந்தச் ‘சி’ ஏறிக்கொண்டது. அம்மா எப்போதாவது நினைவுபடுத்தினால், “பேந்து பாப்பம்” என்று தள்ளிப்போடுவார். தொலைபேசிப் புத்தகம் அச்சிட்டவர்கள் தங்கள் பங்குக்கு நடுவில் இருந்த ‘கே’யைப் பெரிய எழுத்தாக்கி, முன்னால் இருந்த ‘மக்’கைத் தனியாகத் தெரிய வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெரிய ‘கே’தான் வினையாகிப் போனது.

ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை. தெருவோரத்துப் பனிமேடுகள் கறுத்துக் கரைந்துகொண்டிருந்தன. அப்பா பிளாஸ்டிக் பை செய்யும் தொழிற்சாலையில் மேலதிக வேலைக்குப் போயிருந்தார். தொலைபேசி அடித்தது. மாமா ஓடிப்போய் எடுத்தார். கம்பளம் கழுவவா, ஜன்னல் மாற்றவா என்று கேட்டு அழைப்பவர்களிடம் அரைமணி நேரம் கதைத்துவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டில் ஜன்னலே இல்லை என்று சொல்லுவது மாமாவுக்குப் பெரிய சந்தோஷம். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் நாள் முழுக்கப் பெட்டிகளோடு இருப்பவர் அவர். மனிதக் குரல் கேட்டால் விடமாட்டார்.

இந்த முறை அவர் வழக்கத்துக்கு மாறாக உரக்கக் கத்திக் கத்திப் பேசினார். மறுமுனையில் இருந்தவருக்குக் காது மந்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. மாமா சொன்ன பதில்கள் மட்டும் எனக்குக் கேட்டன. ஓம், மக்கண்டு வீடுதான். ஓம், ஒரு தீவிலிருந்துதான் வந்தோம். தீவின் வடக்குப் பக்கம். கடலுக்குக் கிட்ட. ஏன் வந்தோமா? வீட்டை எரித்துப்போட்டார்கள், அதனால் வந்தோம்.

அதற்குப் பிறகு மாமா ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டார். அவருடைய முகத்திலிருந்த குறும்பு கொஞ்சம் குறைந்தது போலக்கூட இருந்தது. ஆனால் வைத்தவுடன் திரும்பி வந்துவிட்டது.

“ஆரடா அது?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

“எங்கடை சொந்தக்காரர் ஒராள், அக்கா. ஸ்கொட்லாந்துக்காரர்.”

“விசர்க்கதை கதையாதை.”

“நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை. அவர் கேட்டார், நான் உள்ளதைச் சொன்னனான். அதுக்குப் பேந்து அவர் நினைக்கிறதுக்கு நான் என்ன செய்யிறது?”

அந்த மனிதர் புவாண்ட்-கிளேரில் இருந்த ஒரு கிழவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தன் குலத்தாரின் வரலாற்றைத் தேடித் தேடி எழுதிவந்தார். அவருடைய குலத்தின் பெயரும் ‘மக்’ என்றுதான் தொடங்கும். அவருடைய பிள்ளைகள் இன்னும் அங்கே இருப்பதால் முழுப் பெயரை நான் எழுதவில்லை. இருநூறு வருடங்களில் அந்தப் பெயர் பதினேழு விதமாக எழுதப்பட்டிருந்ததாம். கியூபெக்குக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பிரெஞ்சுக்காரரைக் கலியாணம் செய்து, ஆங்கிலத்தையே மறந்துபோனார்களாம். ஆகவே மாமாவின் வித்தியாசமான ஆங்கிலம் அவருக்கு ஓர் ஆச்சரியமாகவே இருக்கவில்லை. பதினெட்டாவது விதத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் நினைத்தார்.

அடுத்த வாரம் ஒரு தடித்த உறை வந்தது. அப்பாவுக்கு வந்த கடிதத்தை மாமாதான் உடைத்தார். உள்ளே மூன்று பக்கக் கடிதம், மே மாதத்தில் நடக்கும் வருடாந்தக் குலக்கூடலுக்கு ஓர் அழைப்பிதழ், பிறகு உள்ளங்கை அளவில் ஒரு கம்பளித் துண்டு. கரும்பச்சையும் நீலமும் கட்டம் கட்டமாக, நடுவே மெல்லிய மஞ்சள் கோடு.

“இதுக்கு டார்ட்டன் எண்டு பேர்,” என்றார் மாமா. “ஒவ்வொரு குலத்துக்கும் ஒவ்வொரு விதமான கட்டம். துணியைப் பாத்தே ஆர் ஆற்றை ஆள் எண்டு சொல்லிப்போடுவினம்.”

அம்மா துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது சாரமெல்லோ. உன்ரை அத்தான் வீட்டிலை இடுப்பிலை கட்டுற பழைய சாரம் ஒண்டு இதே கட்டம்தான்.” பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “குலம் எண்டா? நல்ல ஆக்களோ?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவிடம் இதெல்லாம் சொல்ல வேண்டாம், வேலையால் களைத்து வருகிறவர், கடிதத்தை எங்கேயாவது எறி என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா எறியவில்லை. துணித் துண்டை என்னிடம் தந்தார்.

அதற்கு முந்தின கிழமைதான் வகுப்பில் மடாம் எங்களைக் குடும்ப மரம் வரைந்துகொண்டு வரச் சொல்லியிருந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த ஹெயிட்டிப் பெண் ஐந்து தலைமுறைக்கு எழுதியிருந்தாள். ஓர் இத்தாலியப் பையனின் மரத்துக்குத் தாளே போதவில்லை. என்னுடைய மரம் மொட்டையாக இருந்தது. அம்மா பக்கத்தில் நான்கு பெயர். அப்பா பக்கத்தில் அப்பப்பாவோடு நின்றுவிட்டது.

அப்பாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அப்பப்பாவைப் பற்றி அவரிடம் கேட்பதில்லை என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம். அப்பப்பா செத்தபோது அப்பாவின் அகதி வழக்கு முடியவில்லை. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப வர முடியாது. ஒரே மகன் இங்கே இருக்க, அங்கே ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் கொள்ளி வைத்தாராம். செய்தி தொலைபேசியில் வந்தது மத்தியானம். அன்று பின்னேரம் அப்பா வழக்கம்போல வேலைக்குப் போனாராம். இதை அம்மா ஒரே ஒரு தரம், சீப்பால் எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். எனக்கு அது தொலைக்காட்சியில் பார்த்த ஏதோ ஒரு வீட்டின் கதை மாதிரி இருந்தது.

ஆகவே நான் அப்பாவைக் கேட்கவில்லை. மாமா சொன்னதை வைத்து மரத்தை நிரப்பினேன். அடிமரத்தில் டார்ட்டன் துண்டைப் பசை போட்டு ஒட்டினேன். வேர்களைச் சுற்றி ஒரு கோட்டையும் ஒன்பது ஆடுகளும் வரைந்தேன். ‘மக்கண்டு குலம், ஸ்கொட்லாந்தின் வட தீவு’ என்று பிரெஞ்சில் கொட்டை எழுத்தில் எழுதினேன். அப்பப்பாவின் பெயரில் இருந்த ‘ஆர்’ எல்லாவற்றையும் கெடுத்தது. அதை அழித்துவிட்டுச் ‘சி’ போட்டேன்.

வகுப்பில் எனக்குக் கிடைத்த மரியாதையை இன்றும் மறக்க முடியாது. எல்லாரும் வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். நீ ஏன் கறுப்பாக இருக்கிறாய் என்று இத்தாலியப் பையன் கேட்டான். தீவில் வெயில் அதிகம் என்றேன். மடாமுக்குச் சந்தேகம் வந்ததா என்று தெரியாது. வந்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. படத்தை நடைக்கூடத்துச் சுவரில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிட்டார்.

பெற்றோர் வந்து மதிப்பெண் அறிக்கை வாங்கிப் போகும் நாள் ஒன்று உண்டு. எப்போதும் அம்மாதான் வருவார். அந்த முறை தம்பிக்குக் கொப்புளிப்பான் அம்மை போட்டிருந்ததால் அப்பா வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நடைக்கூடத்தில் நடந்தவர், அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. ஆனால் பெயர்களை வாசிக்க மொழி வேண்டியதில்லையே. துணியைப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்தார். பிறகு அப்பப்பாவின் பெயரில், நான் ரப்பரால் அழித்த இடத்தில், ஒரு விரலை வைத்தார். அழித்த தடம் அழுக்காகத் தெரிந்தது. மடாம் வந்து கை குலுக்கி, உங்கள் குடும்பத்தின் கதை மிக அருமை என்றார். அப்பா “மெர்சி” என்றார்.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டார்.

“உனக்கு ஆர் சொன்னது இந்தக் கதை?”

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கூரையைப் பார்த்தார். பிறகு முழுவதையும் அவரே சொன்னார். சொல்லும்போது முதலில் சிரித்தார். அப்பா சிரிக்காததைக் கண்டதும் குரல் மெலிந்துகொண்டே போனது.

“ஒரு பகிடிக்குத்தான், அத்தான்.”

“வயசு போன மனுசன். தன்ரை ஆக்களைத் தேடித் திரியிறார். அவரோடையோ உனக்குப் பகிடி?” அப்பா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் மாமாவுக்கு லேசாக இருந்திருக்கும். “நாளைக்கு அந்த மனுசன் மக்கண்டு எண்டு புத்தகத்திலை எழுதிப்போடும். ஏற்கெனவே ஒருத்தன் எழுதினதே போதும்.”

கடிதத்திலிருந்த எண்ணுக்கு அப்பாவே அழைத்தார். தான் அவர்களுடைய குலம் இல்லை, நடந்தது ஒரு பிழை என்று மெதுவாகச் சொன்னார், பிறகு பலமாகச் சொன்னார், கடைசியில் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். மறுமுனையில் கிழவருக்கு மக்கண்டு என்ற சொல் மட்டும் விளங்கியிருக்க வேண்டும். வருகிறீர்களா, மிகவும் மகிழ்ச்சி என்று சொல்லி வைத்துவிட்டார். அப்பா ரிசீவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“போய் நேரிலை சொல்லிப்போட்டு வருவம்,” என்றார்.

“ஒரு வீட்டுக்குப் போறதெண்டால் வெறுங்கையோடை போறதே?” என்றார் அம்மா. பொய்யை ஒப்புக்கொள்ளப் போகிறவர்கள் பலகாரம் கொண்டுபோக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியாது. கூடல் நாளன்று காலை அம்மா அறுபது மட்டன் ரோல்ஸ் பொரித்து, தட்டில் அடுக்கி, அலுமினியத் தாளால் மூடித் தந்தார். கொப்புளிப்பான் போட்ட தம்பியோடு அவர் வீட்டில் நின்றுவிட்டார். மாமா சாரம் கட்டிக்கொண்டு வரவா என்று மெல்லக் கேட்டார். அப்பா பார்த்த பார்வையில் உள்ளே போய்க் காற்சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

மாமாவின் காரில் போனோம். ரோல்ஸ் தட்டு என் மடியில் சுட்டது. அப்பா முன் இருக்கையில் இருந்து தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நாலு வசனம் ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு ஆசை மட்டும் இருந்தது: அப்பா சொல்வது இன்றைக்கும் அந்தக் கிழவருக்குக் கேட்கக் கூடாது. இன்னும் கொஞ்ச நாள் ஸ்கொட்லாந்துக்காரியாக இருந்துவிட்டுப் போகிறேனே.

ஏரிக்குக் கிட்ட ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபம். நாற்பது கதிரைகள் போட்டிருந்தார்கள். ஆட்கள் பதினொரு பேர்தான் இருந்தார்கள். அதில் ஒருவர் சக்கர நாற்காலியில் நித்திரை. நாலைந்து ஆண்கள் நான் ஒட்டிய அதே கட்டத்தில், முழங்காலுக்கு மேலே நிற்கும் கொசுவப் பாவாடை கட்டியிருந்தார்கள். அம்மா சேலைக்குக் கொசுவம் வைப்பதைவிட நேர்த்தியாக மடிப்புகள் விழுந்தன.

வாசலுக்கு வந்தவர்தான் கிழவர். நெட்டையாக, ஒடிந்துவிடுவார் போல இருந்தார். காதில் கருவி, முழங்கால் இரண்டும் சிவந்திருந்தன. அப்பா, “மக்கண்டு” என்றார். கிழவர் எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வேறு யாராவது படியிறங்கி வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை. அந்த இரண்டு மூன்று விநாடியில் மாமாவின் முகம் வியர்த்துப்போனது. பிறகு கிழவர் கையை நீட்டினார்.

அப்பா கையைக் குலுக்கிவிட்டு உடனே தன் நாலு வசனத்தையும் சொன்னார். கிழவர் காதை முன்னால் நீட்டினார். பிறகு தலையை ஆட்டினார், விளங்கவில்லை என்று. அப்பா அழைப்பிதழை எடுத்து, திருப்பி, மேசையில் வைத்துத் தன் தகப்பன் பெயரை எழுதினார். தபால் கந்தோர் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. அதற்குக் கீழே மக்கண்டு என்று எழுதி, ‘ஆர்’ருக்கும் ‘சி’க்கும் வட்டம் போட்டுக் காட்டினார். கிழவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

ஓர் அரசாங்க எழுத்தரின் வேலையா என்று கேட்டார்.

அப்பா ஓம் என்று தலையை ஆட்டினார்.

எங்களுடையதும் அப்படித்தான், என்றார் கிழவர். பதினேழில் பன்னிரண்டு, கப்பலால் இறங்கின இடத்தில் இருந்த எழுத்தர்கள் செய்த வேலை. சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஆனால் பெரிய ஏமாற்றம் அவருக்கு. சின்னப் பிள்ளையான எனக்கே அது தெரிந்தது. கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, வீட்டை எரித்தது என்று தொலைபேசியில் சொன்னது யார், அதுவும் விளையாட்டுத்தானா என்று கேட்டார். மாமா தரையைப் பார்த்தார்.

“அது பொய்யில்லை,” என்று அப்பா ஆங்கிலத்தில் சொன்னார். இந்த முறை அவர் கத்தவில்லை. ஆனாலும் கிழவருக்குக் கேட்டது.

கிழவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய பூட்டனார் காலத்தில், ஸ்கொட்லாந்தில், நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆடு வளர்க்க வேண்டும் என்று அங்கே குடியிருந்தவர்களை நிலத்தை விட்டு எழுப்பினானாம். எழும்பாத வீடுகளின் கூரைக்கு நெருப்பு வைத்தானாம். நான் என் படத்தில் வரைந்த ஒன்பது ஆடுகளையும் நினைத்துக்கொண்டேன். அவற்றை வரைந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

இதற்கிடையில் கிழவரின் மனைவி, உருண்டையான ஒரு அம்மா, என் கையிலிருந்த தட்டை வாங்கித் தாளைத் திறந்துவிட்டார். முதல் ரோல்ஸைக் கடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்து இருமினார். மூன்று பேர் ஓடிவந்தார்கள். அவர் கையால் தடுத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். அதன்பிறகு யாரும் எங்களை யார் எவர் என்று கேட்கவில்லை. அறுபது ரோல்ஸ் பதினொரு பேருக்குப் போதாமல் போனது.

ஒரு ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டே கிழவர் திடீரென்று அப்பாவிடம், உங்களுக்கு ‘மக்’ என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியாது. எங்கள் பழைய மொழியில் மகன் என்று பொருள் என்றார் கிழவர்.

அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். “மகனோ?” என்றார்.

“மக்,” என்றார் கிழவர்.

“மகன்,” என்றார் அப்பா.

“மக்.”

இரண்டு பேரும் இப்படியே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமா சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பினார். அப்பாவும் சிரித்துவிட்டார். ஊரில் தன் தகப்பனைக் கண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று கிழவரிடம் சொன்னார். அப்படியானால் அந்த எழுத்தர் ஒரு பிழையும் விடவில்லையே, கண்டுவின் மகன் என்றுதானே எழுதியிருக்கிறார் என்று கிழவர் சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். அழைப்பிதழைத் திருப்பி, தான் எழுதிய பெயரைப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்தபின் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவராக எழும்பி நின்று, தன் பெயரைச் சொல்லி, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று தெரிந்தவரை மேலே மேலே சொல்லிக்கொண்டு போவார்கள். முடிந்ததும் மற்றவர்கள் எல்லாரும் எழும்பி ஒரே குரலில் ஏதோ ஒரு சொல் சொல்லுவார்கள். அது அவர்களுடைய பழைய மொழி. சக்கர நாற்காலியில் இருந்தவரைக்கூட எழுப்பிச் சொல்ல வைத்தார்கள். அவர் ஒன்பது பெயர் சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கினார். எல்லாரும் முடிந்தபின் கிழவர் அப்பாவைப் பார்த்து, நீங்கள் எங்களவர் இல்லை, ஆனாலும் வந்திருக்கிறீர்கள், விருப்பமானால் உங்களுடையவர்களையும் சொல்லுங்கள் என்றார்.

அப்பா மாட்டார் என்றுதான் நினைத்தேன். பாடசாலையில் மடாமுக்கு முன்னாலேயே வாய் திறக்காதவர். ஆனால் அவர் எழும்பினார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். தன் பெயரைச் சொன்னார். பிறகு தமிழிலேயே சொல்லத் தொடங்கினார்.

“மார்க்கண்டுவின்ரை மகன். மார்க்கண்டு, சின்னத்தம்பியின்ரை மகன். சின்னத்தம்பி, வேலுப்பிள்ளையின்ரை மகன். வேலுப்பிள்ளை, ஆறுமுகத்தின்ரை மகன். ஆறுமுகம், கதிர்காமரின்ரை மகன்.”

அவ்வளவு பெயர் அவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது. முடித்துவிட்டார் என்று எல்லாரும் எழும்பினார்கள். ஆனால் அப்பா உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதலாவது பெயரை மட்டும் இன்னொரு தரம் சொன்னார். “மார்க்கண்டு.” இந்த முறை மெதுவாக, அந்த ‘ர்’ நன்றாகக் கேட்கும்படி. எனக்கு வெட்கமாகிப் போனது. ஒரே பெயரை இரண்டு தரம் சொல்கிறாரே, மறந்துவிட்டார், தடுமாறுகிறார் என்று நினைத்தேன். நின்றவர்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு தங்கள் சொல்லைச் சொன்னார்கள்.

கிழவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் விஸ்கி ஊற்றி அப்பாவிடம் கொடுத்தார். எங்கள் அப்பா கலியாண வீட்டில்கூடக் குடிக்காதவர். அதை வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மற்றதெல்லாம் கொண்டாட்டம்தான். ஒருவர் தோற்பை வைத்த குழலை ஊதத் தொடங்கினார். நிலவறையே அதிர்ந்தது. மாமா முன்வரிசையில் நின்று ஆடினார். கிழவரின் மனைவி எனக்கு ஒற்றைக்காலில் துள்ளும் ஒரு ஆட்டம் காட்டித் தந்தார். ரோல்ஸ் எப்படிச் செய்வது என்று எழுதித் தரச் சொன்னார். மாமா எழுதிக் கொடுத்ததில் என்ன இருந்ததோ தெரியாது, அடுத்த வருடம் அவர் செய்தபோது உருளைக்கிழங்கு மட்டும்தான் இருந்தது.

அடுத்த வருடம் என்று சொன்னேன். ஓம், நாங்கள் பிறகும் போனோம், கிழவர் இருந்தவரை நாலு தரம். ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களில் ‘ஆர்’ போட்டு வந்தது அது ஒன்றுதான். தபால்காரர் இரண்டு முறை பிழையான முகவரி என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். என் குடும்ப மரத்தை அடுத்த திங்கட்கிழமையே மாற்றி வரைந்தேன். பெயர்களை அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். கோட்டையும் ஆடுகளும் போய்விட்டதில் வகுப்பில் என் மதிப்பு இறங்கிவிட்டது. ஆனால் ஹெயிட்டிப் பெண்ணைவிட எனக்கு இப்போது ஒரு தலைமுறை கூட.

அப்பா தன் பெயரைத் திருத்தவே இல்லை. பின்னால் குடியுரிமைக்கு எழுதியபோது திருத்தியிருக்கலாம். அம்மா படிவத்தை எடுத்தும் வைத்தார். “இருக்கட்டும், அதுவும் சரிதான்,” என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பின்னேரத்துக்குத் திரும்பி வருகிறேன். நாங்கள் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. நான்தான் முதலில் படியேறி ஓடினேன். அம்மாவிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. பாவாடை கட்டிய ஆண்கள், குழல், நான் ஆடிய ஆட்டம். கடைசியாக, பெரிய செய்தியை வைத்திருந்து சொல்வதுபோலச் சொன்னேன்.

“அம்மா, அப்பா அங்கை குடிச்சவர்.”

அம்மா கையில் கரண்டியோடு நின்றார். “குடிச்சவரோ? ஏன்?”

அதற்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். எல்லாரும் தங்கள் அப்பாமாருடைய பெயரைச் சொன்னார்கள். அப்பா அப்பப்பாவின் பெயரைச் சொன்னார், இரண்டு தரம் சொன்னார். எல்லாரும் எழும்பி நின்றார்கள். பிறகு அந்தக் கிழவர் ஊற்றிக் கொடுத்தார்.

கீழே படியில் அப்பாவின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போனார். இப்போது சண்டை வரும் என்று நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அப்பா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

“இஞ்சேருங்கோ,” என்றார் அம்மா. குரலில் கோபமே இல்லை. “ஒண்டையும் தொடாமல் நேரை போய்த் தோஞ்சுபோட்டு வாங்கோ. பேந்து சாப்பிடலாம்.”

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. சின்னப் பிள்ளைபோலத் தலையை ஆட்டிவிட்டு நேரே குளியலறைக்குப் போனார். அம்மா ஒரு துவாயையும் தோய்த்த சாரத்தையும் எடுத்துவந்து, அவர் கையில் கொடுக்காமல், கதவின் கைப்பிடியில் கொழுவிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்குப் போய் வருகிறவர்களைத்தான் அப்படி வாசலிலிருந்தே தலைமுழுக அனுப்புவார்கள். மொன்றியலில் பிறந்த எனக்கு அது தெரியாது. விஸ்கி மணம் போகத்தான் அனுப்புகிறார் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய குற்றத்துக்கு இவ்வளவு சின்னத் தண்டனையா என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. உள்ளே தண்ணீர் வெகுநேரம் ஓடியது. போதும் அப்பா, மணம் எப்பவோ போயிருக்கும் என்று கதவைத் தட்டிச் சொல்லப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.